இடப்பக்கம் இழுக்கும் குதிரை

ஷப்னம் இடது பக்கமாக இழுக்கிறாள் என்று மேஜர் மரியசெல்வம் எனக்குப் போன் போட்டது புரட்டாசியில், ஊரெல்லாம் கடலை பறித்துக்கொண்டிருந்த சமயம். நான் ஒரு கறவை மாட்டுக்குச் சினை ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனை எடுத்து, நொண்டுகிறதா சார் என்று கேட்டேன். நொண்டவில்லை, நேராகப் போ என்றால் இடப்பக்கம் ஒதுங்குகிறது என்றார். உழவு மாடாக இருந்தால் மூக்கணாங்கயிற்றைப் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். இது குதிரை. அதிலும் மேஜருடைய குதிரை. வண்டியைத் திருப்பினேன்.

நான் கால்நடை ஆய்வாளர். பெயர் சிவசாமி. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஆடு, மாடு, கோழி, பன்றி எல்லாம் பார்த்தாயிற்று. திருவரங்குளத்துக்கும் ஆலங்குடிக்கும் நடுவில் எந்த வீட்டு மாடு எப்போது கன்று போட்டது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மேஜர் சொல்லித் தெரிந்ததுதான். அது கொஞ்சம் அதிகமாகவே தெரியும், ஏனென்றால் அவர் அதைத் தவிர வேறு எதையும் பேச மாட்டார்.

அடைக்கலபுரம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். நாற்பது வீடு, ஒரு மாதா கோயில், சுற்றிலும் செம்மண்ணும் முந்திரியும். ஆவூரிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பங்கள். மரியசெல்வம் அந்த ஊரில் பிறந்து, திருச்சியில் காலேஜ் படித்து, என்.சி.சி. மூலமாகப் பட்டாளத்துக்குப் போய் ஆபீசர் ஆனவர். அங்கே அவர் இரண்டு போட்டிகளில் இறங்கியிருக்கிறார். ஒன்று வாள்வீச்சு. இன்னொன்று குதிரை. குதிரைப் போட்டி என்றதும் ஊரில் எல்லோரும் ரேஸ் என்றுதான் நினைத்தார்கள். மேஜருக்குக் கோபம் வந்துவிடும். ஓடுவதில் என்ன இருக்கிறது, நாய் துரத்தினால் கழுதையும் ஓடும் என்பார்.

அவருடைய போட்டிக்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர். குதிரையை அழகாக நடக்கவைக்கிற போட்டி. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லக் கூடாது. கடிவாளத்தை இழுப்பது பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாது. எல்லாவற்றையும் காலாலும் இடுப்பாலும் சொல்ல வேண்டும். இடது காலால் விலாவை லேசாக அழுத்தினால் குதிரை வலப்பக்கம் நகரும். வலது காலால் அழுத்தினால் இடப்பக்கம் நகரும். இரண்டும் சமமாக இருந்தால் நேராகப் போகும். நல்ல குதிரைக்கு ஓர் ஈ உட்கார்ந்தாலே தெரியும், அப்படியிருக்க என் கால் தெரியாதா என்று பெருமையாகச் சொல்வார்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த அடுத்த வருஷம் கஜா புயல் அவர் அப்பா வைத்த தென்னைகளை எல்லாம் வேரோடு சாய்த்துப் போட்டது. மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மேஜர் ஜே.சி.பி. வைத்து அடித்தூர்களைத் தோண்டி எடுத்தார். மணல் கொட்டி, நாற்பது மீட்டர் நீளம் இருபது மீட்டர் அகலத்துக்கு ஒரு களம் சமன் செய்தார். ஓரமாக எட்டுக் கல் நட்டு, வெள்ளையடித்து, ஒவ்வொன்றிலும் ஓர் இங்கிலீஷ் எழுத்து எழுதினார். ஏ, கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப். போட்டிக் களத்தில் அந்த வரிசைதானாம். அந்த வழியாகப் பால்வாடிக்குப் போன பிள்ளைகள் கொஞ்ச நாள் அந்த வரிசையிலேயே எழுத்துப் படித்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பிறகு பெங்களூரில் ஒரு சவாரிப் பள்ளியிலிருந்து வயதான பெண் குதிரை ஒன்றைக் கொண்டுவந்தார். அதுதான் ஷப்னம். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஷப்னம் என்றால் பனித்துளியாம். ஊர்வாயில் அது சப்பனம் ஆனது. நாங்கள் எல்லோரும் 'அது' என்போம். மேஜர் மட்டும் 'அவள்' என்பார். அவருடைய மனைவி அற்புதமேரி டீச்சர் அதைச் சக்களத்தி என்பார். முப்பத்தைந்து வருஷம் குதிரைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டும் ஒரு குதிரையைக்கூட அவர் தொட்டதில்லை. பயம். கொள்ளு ஊறவைப்பார், வேகவைப்பார், வாளியைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார். ஜெனிஷா என்று ஒரே மகள், நர்ஸ், புருஷன் பிள்ளையோடு அயர்லாந்தில் இருக்கிறாள். அவள் வீடியோவில் அழைத்தால் அப்பாவுக்கு முன்னால் குதிரையைத்தான் காட்ட வேண்டும்.

அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மேஜர் களத்தின் நடுவே சுண்ணாம்புத் தூளால் நேர்கோடு போட்டிருந்தார். ஏறி உட்கார்ந்து அந்தக் கோட்டின் மேல் நடத்திக் காட்டினார். பத்தடி சரியாக வந்தது. பிறகு ஒதுங்க ஆரம்பித்தது. கோடு போட்டு அளந்தது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம். நான் நாலு காலையும் தூக்கிப் பார்த்தேன், லாடம் பார்த்தேன், குளம்பில் கல் இருக்கிறதா என்று கிளறினேன். ஒன்றும் இல்லை. அவர் சேணத்தை மாற்றினார். கடிவாளத்தை மாற்றினார். அடுத்த வாரம் திருச்சியிலிருந்து லாடம் அடிக்கிறவரை வரவழைத்து நாலு லாடத்தையும் புதிதாக அடித்தார். குதிரை ஒதுங்கிக்கொண்டேதான் இருந்தது. டீச்சர் தன் பங்குக்கு ஆவூர் மாதா கோயிலில் வேண்டிக்கொண்டு, தீர்த்தம் கொண்டுவந்து கொட்டகை வாசலில் நின்றே அதன் மேல் தெளித்தார்.

எங்கள் மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் இசைவாணியை ஒரு நாள் கூட்டிப்போனேன். சின்ன வயசு, பொறுமையான பெண். கண்ணுக்கு டார்ச் அடித்துப் பார்த்து, முதுகெலும்பை விரல் விரலாக அழுத்திப் பார்த்து, ஒரு மணி நேரம் வெயிலில் நின்றாள். கடைசியில் குதிரைக்கு ஒன்றும் இல்லை என்றாள். வேறு யாராவது ஒருத்தர் ஏறிப் பார்க்கலாமா சார் என்று கேட்டாள்.

மேஜர் முகம் மாறிவிட்டது. வேறு ஆள் ஏறினால் பாடம் கெட்டுவிடும், திரும்பச் சரிசெய்ய ஆறு மாசம் ஆகும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வண்டியில் திரும்பும்போது நான்தான் டாக்டரம்மாவுக்குப் புத்தி சொன்னேன். இவர் முப்பது வருஷம் குதிரையில் இருந்தவர், நீங்கள் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். அவள் சரிங்க என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கார்த்திகை மழை விட்ட ஒரு நாள் கொட்டகைக்கு மருந்தடிக்கப் போயிருந்தேன். டீச்சர் அவித்த கடலையும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேஜர் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

"சிவசாமி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சாருக்கு ஒத்தச் செருப்பு மட்டும் தேயுது. எடது காலு. முன்னாடி நுனி மட்டும் தேஞ்சுபோகுது. வீட்டுக்குள்ள நடக்கயில காலுல நிக்காம கழண்டு கழண்டு விழுகுது. கேட்டா வாரு சரியில்லங்கிறாரு. மூணு சோடி வாங்கியாச்சு."

இப்போதெல்லாம் செருப்பு அப்படித்தான் டீச்சர் வருகிறது என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். கால்களைப் பார்த்தே பிழைத்தவன் நான். ஒரு மாடு குளம்பு நுனியைத் தேய்த்து நடந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மனுஷர் நடந்தபோது தெரியவில்லை.

தை மாதம் கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு ஊருக்குள் போனவன், மேஜரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று களத்துப் பக்கம் போனேன். பனி இன்னும் விலகவில்லை. அவர் குதிரை மேல் இருந்தார். சுண்ணாம்புக் கோட்டில் வருவதும், அது ஒதுங்குவதும், திருப்பிக் கொண்டுபோய் மறுபடி ஆரம்பிப்பதுமாக எத்தனை தடவையோ நடந்திருக்கிறது. கோடு அழிந்து மணலோடு கலந்திருந்தது. அவர் கையில் நீளமான மெல்லிய சாட்டை இருந்தது. அதைத் தொடுவதற்கு மட்டும்தான் வைத்திருப்பார், அடிப்பதற்கு இல்லை என்று பத்துத் தடவையாவது எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அடித்தார். மூன்று தடவை, பின்தொடையில், முழுக் கையையும் ஓங்கி. ஷப்னம் உடம்பு குறுகி முன்னால் துள்ளியது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. துள்ளி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி நடக்க ஆரம்பித்தது. இடப்பக்கமாகத்தான் நடந்தது. அவர் மறுபடி அடித்தார்.

டீச்சர் வீட்டிலிருந்து வந்து ஏ எழுதின கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். மேஜர் அவரைப் பார்த்ததும் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு இறங்கினார். இறங்கும்போது தடுமாறிச் சேணத்தைப் பிடித்துக்கொண்டார். கோபத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லையாம்.

அதற்கடுத்த வாரமே குதிரையைக் கொடுத்துவிட முடிவு செய்துவிட்டார். பத்தொன்பது வயதாகிவிட்டது, மூளையில் ஏதோ கோளாறு, சொல் கேட்காத குதிரை என்றைக்காவது யாரையாவது கீழே தள்ளும் என்று எல்லோருக்கும் காரணம் சொன்னார். புதுக்கோட்டையில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரையும் சாரட்டும் விடுகிற திருப்பதி என்பவரை எனக்குத் தெரியும். நான்தான் பேசி முடித்தேன். சும்மா வைத்துக்கொள்ளட்டும், அடிக்காமல் இருந்தால் போதும் என்றார் மேஜர். திருப்பதி குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார். ஷப்னம் மறுக்காமல் ஏறியது. வண்டி முந்திரித் தோப்பைத் தாண்டுகிறவரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனது. மேஜர் அதற்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டார்.

தவக்காலத்தில் அவர் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, குதிரையை அடித்ததைச் சொன்னாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். சாமியார் இதெல்லாம் ஒரு பாவமா என்கிற மாதிரி ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னாராம். ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டியும் மனசு ஆறவில்லை சிவசாமி என்றார். அப்போதும் குதிரை மேல்தான் தப்பு என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அடித்தது மட்டும்தான் தன் தப்பு.

வைகாசியில் என் அண்ணன் மகன் செம்மலுக்கு ஆலங்குடியில் கல்யாணம். பையன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பெண் மோகனப்ரியா வங்கியில் இருக்கிறாள். மேஜரும் டீச்சரும் அவசியம் வர வேண்டும் என்று நேரில் போய்ப் பத்திரிகை வைத்திருந்தேன். மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம் ஐந்தரைக்குப் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து கிளம்புவதாக ஏற்பாடு. குதிரைக்கு யார் சொன்னார்கள், எங்கே சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. பையனுடைய சிநேகிதர்கள் செய்த ஏற்பாடு. குட்டியானையிலிருந்து ஜிகினா துணியும் கழுத்து மணியுமாக இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷப்னம்.

மேஜர் வேட்டி சட்டையில் என் பக்கத்தில்தான் நின்றார். பார்த்துவிட்டார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டார்.

செம்மல் பிறந்ததிலிருந்து குதிரைப் பக்கம் போகாதவன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். பயத்தில் பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சாக்கு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான். திருப்பதி கயிற்றைத் தளரவிட்டுப் பக்கத்தில் நடந்தார். முன்னால் செண்டை மேளம், பின்னால் ஸ்பீக்கர் வைத்த லாரி, இரண்டு பக்கமும் சரவெடி. கடைவீதி முழுக்க பைக்கும் பஸ்ஸும். இத்தனைக்கும் நடுவில் ஷப்னம் நடந்தது. ரோட்டின் நடுவில் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டின் மேலேயே, ஒரு சாண் அங்கிட்டு இங்கிட்டு விலகாமல் நடந்தது.

மேஜர் அதன் பின்னாலேயே போனார். ஆட்களை விலக்கிக்கொண்டு, குனிந்து குளம்புகளைப் பார்த்தபடியே போனார். பாதி வழியில் அவருடைய இடது செருப்பு கழன்று விழுந்தது. அவர் நிற்கவில்லை. ஒற்றைக் காலில் செருப்பும் ஒற்றைக் காலில் வெறும் பாதமுமாக மண்டபம் வரைக்கும் போனார். டீச்சர் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். வெறும் பாதத்தின் பெருவிரல் தார் ரோட்டில் உரசி ரத்தம் வந்திருந்தது. அது அவருக்கு உறைக்கவில்லை. அப்போதுதான் நான் முதல்முறையாக அவர் காலைப் பார்த்தேன். பாதம் மேலே தூக்கவில்லை. தொங்கிக்கொண்டு இழுபட்டது.

மண்டபத்தில் மேஜர் திருப்பதியைக் கூப்பிட்டு, குதிரை எப்படி இருக்கிறது என்று கேட்டார். தங்கம் சார், கண்ணைக் கட்டி விட்டாலும் நேராகப் போகும் என்றார் திருப்பதி. மேஜர் தலையாட்டினார். பந்தியில் உட்கார்ந்தார், எல்லோரையும் போலச் சாப்பிட்டார், மாப்பிள்ளை கையில் பரிசைக் கொடுத்தார். கிளம்பும்போது நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வாங்க என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

கல்யாண வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். களத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் பெருவிரலில் கட்டு. எதிரே இன்னொரு நாற்காலி போட்டிருந்தது.

"தொண்ணூத்தி மூணு, பூனாவுல பட்டாளத்துப் போட்டி" என்று ஆரம்பித்தார். "வாள்வீச்சு பைனல். ரெண்டு பேரும் பதினாலு. கடைசி பாய்ண்ட்டு. எதிராளி வாள் நுனி என் தோள்ல பட்டுருச்சு. பட்டா லைட்டு எரியணும். வயர்ல ஏதோ கோளாறு, எரியல. நடுவர் பாக்கல. பட்டுச்சா இல்லையான்னு எதிராளிக்கே சந்தேகம். பட்டவன் எனக்குத் தெரியாதா? கையத் தூக்கி, பட்டுச்சுன்னு சொன்னேன். தங்கம் போச்சு. அன்னைக்கி நல்லா தூங்குனேன் சிவசாமி."

இடது காலைக் கையால் தூக்கி நேராக வைத்துக்கொண்டார்.

"இப்ப ஒரு வருசமா எனக்குப் பட்டுக்கிட்டே இருந்துருக்கு. எடது காலு செத்துக்கிட்டு வருது. அந்தக் காலு அழுத்தல, வலது காலு மட்டும் அழுத்துது. அவ என்ன செய்வா? வலது காலு அழுத்துனா எடப்பக்கம் போன்னுதான நான் சொல்லிக் குடுத்தேன்? போயிருக்கா. அடிச்சப்பவும் நான் சொன்ன பக்கந்தான் போயிருக்கா. நான் கையத் தூக்கல சிவசாமி. தப்பு அவளோடதுன்னு வாயில்லாத ஜீவனக் கைகாட்டிட்டேன்."

அப்படிச் சொல்லிவிட்டு அழுதார். பட்டாளத்துக்காரர் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. துடைத்துக்கொள்ளத் தெரியவில்லை அவருக்கு.

திருச்சி ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நரம்புப் பரிசோதனை செய்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். நரம்பிலிருந்து சதைக்குப் போக வேண்டிய உத்தரவு நின்றுபோகிற நோய் என்றார் டாக்டர். முதலில் ஒரு கால், பிறகு மறு கால், பிறகு கை. கடைசியில் விழுங்குவதும் மூச்சும். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. டீச்சர் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு டாக்டர் வாயையே பார்த்தார். மேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இன்னும் எத்தனை நாளைக்கு முதுகு நிமிர்ந்து உட்கார முடியும்? டாக்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. ஷப்னத்தைத் திரும்பக் கொண்டுவந்து, அடிபட்ட அதே களத்தில் ஒரு தடவையாவது அதன் மேல் அடிக்காமல் உட்கார்ந்துவிட வேண்டும். அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே புதுக்கோட்டைக்குப் போனோம். திருப்பதி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மூன்று குதிரைகள். ஷப்னம் கடைசியில் நின்றது. இளைத்திருந்தது, ஆனால் காயம் எதுவும் இல்லை. மேஜர் ஊன்றுகோலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, அதன் நெற்றிப் பொட்டைத் தடவ வலது கையைத் தூக்கினார்.

ஷப்னம் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துச் சுவரில் இடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் நடுங்கியது.

திருப்பதி ஓடிவந்து சமாதானம் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க சார். யாரு வலது கையத் தூக்குனாலும் இப்படித்தான் நடுங்குது. ஒங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எந்தப் பாவியோ அடிச்சிருக்கான் போல. நீங்க புள்ள மாதிரி வளத்த குதிரை, நீங்களா அடிச்சிருப்பீங்க?"

"நாந்தான் அடிச்சேன்" என்றார் மேஜர்.

திருப்பதி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனி ஆவணி முகூர்த்தங்களுக்கெல்லாம் அந்தக் குதிரைக்கு முன்பதிவு இருந்தது. குதிரையைத் திருப்பிக் கேட்டபோது முதலில் தயங்கினவர், அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒத்துக்கொண்டார். சாயங்காலமே குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் காத்திருப்புதான். மேஜர் தினமும் காலையில் கொட்டகைக்கு எதிரே நாற்காலி போட்டு, வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். அந்தக் கையைப் பார்த்துத்தானே பயப்படுகிறாள் என்பார். ஷப்னம் கொட்டகையின் கோடி மூலையில் நிற்கும். கிட்டே போய்ச் சாணம் அள்ள, தண்ணீர் காட்ட, உடம்பு தேய்க்க யாராவது வேண்டுமே. முதல் நாள் டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டு உள்ளே போனார். பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மேஜர் நாற்காலியிலிருந்து கத்தினார், டீச்சர் திருப்பிக் கத்தினார். மூன்றாவது வாரம் நான் போனபோது குதிரை டீச்சர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. சக்களத்தி என்னை விடமாட்டேங்குறா என்று அலுத்துக்கொண்டார். முகத்தில் அலுப்பு இல்லை.

ஒரு மாதம் கழித்து ஷப்னம் மூலையை விட்டு வந்து மேஜர் மடியிலிருந்த கொள்ளைத் தின்றது. அதற்குள் அவருக்கு வலது காலும் துவள ஆரம்பித்திருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற டீச்சரால் தனியாக முடியவில்லை. ஜெனிஷா லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனில் அழுதாள்.

ஆடிக் காற்று அடங்கின ஒரு காலை என்னையும் திருப்பதியையும் வரச் சொல்லியிருந்தார். சவரம் செய்து, பட்டாளத்து நாள் பூட்ஸை மாட்டியிருந்தார். அதைப் போட்டுவிட டீச்சருக்கு அரை மணி நேரம் ஆனதாம். களத்தில் ஏ கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்ட் மேடை ஒன்று இருந்தது. அதன் மேல் வைத்து, நானும் திருப்பதியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி அவரைச் சேணத்தில் உட்காரவைத்தோம். ஷப்னம் நகரவே இல்லை. அவருடைய உடம்பு எடை குறைந்து எங்கள் கைக்கு லேசாக இருந்தது. மேலே உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

எதிர்க் கோடியில் சி கல்லுக்குப் பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னார். போய் நின்றேன். வலது காலில் மிச்சமிருந்த கொஞ்சம் பலத்தால் குதிரைக்கு உத்தரவு கொடுத்தார். நடந்தது. பத்தடி வந்ததும் இடப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. அவர் திருத்தவில்லை. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று சொன்னது எனக்குக் காற்றில் கேட்டது.

பிறகு அவர் குனிந்து, வலது காலைக் கையாலேயே தூக்கி அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது இரண்டு காலும் ஒன்றும் சொல்லாமல் தொங்கின. ஷப்னம் நின்றுவிட்டது. காதுகளைப் பின்னால் திருப்பி, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றது. சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. வெகு நேரம் அப்படியே நின்றார்கள்.

"மேரி, இங்கிட்டு வா. கயித்தப் புடி" என்றார்.

"எனக்கு நடத்திக்கிட்டுப் போகத் தெரியாதுங்க."

"அதெல்லாம் தெரியும். கயித்த இழுக்காத. சும்மா புடிச்சுக்கிட்டு சிவசாமியப் பாத்து நேரா நட. என்ன ஆனாலும் பின்னால திரும்பிப் பாக்காத. நீ திரும்புனா அவ நின்னுருவா."

டீச்சர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். குதிரை அவர் பின்னால் நடந்தது. களத்தின் நடுவழியாக, கோடு எதுவும் போடாத மணலில், இம்மி விலகாமல் வந்தது.

பாதி தூரம் வந்ததும் டீச்சர் அழ ஆரம்பித்தார். சத்தம் வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் திரும்பவில்லை. அவருக்குப் பின்னால், குதிரை மேல், மேஜரும் அழுதுகொண்டு வந்தார். சத்தம் கேட்டால் மேரி திரும்பிவிடுவாள் என்று அவரும் வாயை இறுக்கி மூடியிருந்தார். ஒருவர் அழுவது மற்றவருக்குத் தெரியாது. இருவர் முகத்தையும் பார்க்கிற இடத்தில் நான் ஒருவன்தான் நின்றேன்.

அவர்கள் என்னிடம் வந்து சேர இன்னும் இருபதடி இருந்தது. அந்த இருபதடிக்குள் நான் என் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.